இடது பாதிக்கு வந்த இயந்திரம்

விஜயலட்சுமியின் பெருவிரல் மடங்காமல் போன பிறகுதான் எங்கள் பட்டறைக்கு அந்த இயந்திரம் வந்தது. அதைக் கேட்டுக் கேட்டு வரவழைத்தவள் அவள். அது வந்து அதிகம் நொந்துபோனவளும் அவள்தான்.

எங்கள் பட்டறை திருக்காட்டுப்பள்ளியில் இருக்கிறது. சுருட்டு போடுகிறோம். நான் இலையின் நடுக்காம்பை உருவிக் கொடுப்பவள். உடைந்த இலையை உள்ளே வைத்து உருட்டிய கட்டையின்மேல் நல்ல இலை ஒன்றைச் சுற்றி ஒட்டினால்தான் அது சுருட்டு. மேலே சுற்றுவது முழு இலை அல்ல. காம்பை உருவியதும் இலை வலது பாதி, இடது பாதி என்று இரண்டாகிவிடும். இரண்டிலும் நரம்பு எதிரெதிராகச் சாய்ந்து ஓடும். வலது பாதியை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சுற்ற வேண்டும், இடது பாதியை மறுபக்கமாக. மாற்றிச் சுற்றினால் இலை வெடித்துவிடும். அதனால் எங்கள் பட்டறையில் வலதுக்குத் தனி ஆள், இடதுக்குத் தனி ஆள். ஒருவர் கூடையை மற்றவர் தொடும் வழக்கமே இல்லை.

விஜயலட்சுமி இடக்கைக்காரி. பிறந்தது பூதலூர் பக்கம் ஒரு கிராமம். சின்ன வயதில் இடது கையால் சோறு எடுத்ததற்காக அடிவாங்கியிருக்கிறாள். கோயிலில் இடது கையை நீட்டித் திருநீறு கேட்டு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறாள். நடவுக்குப் போனால் அவள் கை மட்டும் எதிர்ப்பக்கம் போய்ப் பக்கத்து ஆளை இடிக்கும் என்று வரிசையின் ஓரத்தில் நிறுத்துவார்கள். நடவு இயந்திரம் வந்து அந்த வேலையும் குறைந்தபோது இங்கே வந்து கேட்டாள். அப்போது பட்டறையை நடத்தியவர் இப்போதைய முதலாளி உபைதுல்லா பாயின் அத்தா. அவள் இலையைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, இடது பாதிக் கூடையை அவள் முன்னால் நகர்த்தினாராம். "இந்தக் கையைப் பார்த்து ஒருத்தர் மூஞ்சி மலர்ந்தது அன்னிக்குத்தான்" என்பாள். அன்றிலிருந்து சன்னலோரம் அவள் இடம்.

அந்த இடத்துக்குத்தான் விரல் வழியாக ஆபத்து வந்தது. தஞ்சாவூர் டாக்டர், சுருட்டுகிற வேலையே கூடாது, வீட்டில் இருங்கள் என்றார். "வீட்ல இருன்னு சொல்ல டாக்டர் எதுக்கு? சொல்றதுக்கு வீடு நிறைய ஆள் இருக்கு" என்றாள் எங்களிடம். மகன் வீட்டில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு டி.வி. பார்க்கச் சொல்வார்கள் என்பதுதான் அவள் பயம்.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ அவள் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் கைப்பிடியைச் சுழற்றுகிறார், மேலிலை தானாகச் சுற்றிக்கொள்கிறது. அதை உபைதுல்லா பாயின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே இருந்தாள். பாய் டீ குடிக்கும்போது காட்டினாள், தொழுதுவிட்டு வரும்போது காட்டினாள். கடைசியில் அவர் கும்பகோணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்லதுரையிடம் பேசினார். இலையைப் பார்த்தால்தான் அதை விரித்து வைக்கும் தட்டைச் செய்ய முடியும் என்றார் செல்லதுரை. விஜயலட்சுமி தன் கூடையிலிருந்து நல்ல இலைகளாக எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இயந்திரம் வந்தது. இரும்புச் சட்டம், இரண்டு உருளை, அதில் ஓடும் கித்தான் பட்டை, கைப்பிடி, பக்கத்தில் சாய்வாக வெல்டிங் செய்த ஒரு தட்டு. தட்டில் இலையை விரித்து ஓரத்தில் பசை தடவி, கட்டையைப் பட்டைக்குள் வைத்துச் சுழற்றினால் சுருட்டு மறுபக்கம் வந்து விழுந்தது.

"பார்த்தியா பீவி, விரலே வேணாம்" என்றாள், எதிரில் வலது பாதி சுற்றும் சைத்தூன் பீவியிடம்.

"விரல் வேணாம்னா அப்புறம் நீ மட்டும் எதுக்கு? பாய் ஒரு மோட்டாரை மாட்டிட்டுப் போறாரு."

"வயித்தெரிச்சல்."

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே இடது பாதிகள் தீர்ந்துவிட்டன. பீவியின் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தாள் விஜயலட்சுமி. கைப்பிடி பாதி சுழன்றதும் இலை கிழிந்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும் கிழிந்தது. பாய் வந்து குனிந்து பார்த்தார்.

"தட்டு ஒரு பக்கமால்ல சாஞ்சிருக்கு" என்றார்.

பீவி கையைத் துடைத்துக்கொண்டாள். "கும்பகோணத்துக்கு யாரு கூடை இலையைக் கொண்டுபோனே?"

"என் கூடைதான்."

"எங்கிட்ட ஒரு இலை கேட்டா குறைஞ்சா போயிடுவ?"

"இன்னிக்கு முன்னாடி உன் கூடையை நான் என்னிக்குத் தொட்டேன்?"

அது உண்மைதான். வலது பாதியும் ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று எங்களில் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. வழியனுப்பிய பீவிக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு போன்தான். செல்லதுரை ஒவ்வொரு முறையும் வருகிறேன் என்பார். "அறுப்பு நேரம்மா, கதிர் அறுக்கிற மெஷினெல்லாம் வாசல்ல வரிசையா நிக்குது." அறுப்பு முடிந்த பிறகும் வரிசை முடியவில்லை. பாய் வேறு ஒரு வழி சொன்னார்: காலையில் இயந்திரம், மத்தியானத்துக்கு மேல் எல்லோரோடும் உட்கார்ந்து வலது பாதியைக் கையால் சுற்றட்டும். அவளும் முயன்றாள். அத்தனை வருஷமும் ஒரு பக்கமே போன கை மறுபக்கம் போக மறுத்தது. விரலோ எந்தப் பக்கமும் போகவில்லை. சுற்றிக் கீழே வைத்த சுருட்டு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல அவிழும். அதை எடுத்து உடைசல் கூடையில் வீசுவாள். ஒருநாள் வலது பாதியைக் கவிழ்த்துப் போட்டு இயந்திரத்தில் விட்டாள். கிழியாமல் சுற்றியது. ஆனால் நரம்பெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா வாயில வைப்பாங்க" என்றார்.

அவரும் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு ஒரு காலை, என்னைக் காட்டி, "விஜயம்மா, அந்த அரை நாள் மெஷினை இந்தப் பொண்ணே பார்த்துக்கும். நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்து காம்பை உருவினேன்.

"நான் கேட்டு வந்த மெஷின் பாய் அது."

"நீங்க கேட்டீங்கன்னுதானே செஞ்சேன். பாதி வேலைதானே செய்யுது."

விஜயலட்சுமி என்னைப் பார்க்கவில்லை. எழுந்து பீவியின் முன்னால் போய் நின்றாள். "உன் கூடையில நாலு இலை குடு."

"எதுக்கு?"

"குடேன்."

பீவி கேலி எதுவும் செய்யாமல், கிழிசல் இல்லாத இலைகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். விஜயலட்சுமி அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே நடந்ததை அவளே சொன்னாள். லேத் பட்டறை வாசலில், அறுப்பு இயந்திரத்தின் சக்கரத்தை ஒட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாளாம். செல்லதுரை, "நீங்க கிளம்புங்கம்மா, நான் வர்றேன்" என்றாராம்.

"இதைத்தானே போன்லயும் சொன்னீங்க. போனை வெச்சிடலாம். நான் எந்திரிக்க மாட்டேன்."

"முதல்லயே ரெண்டு இலையும் குடுத்திருந்தா ஒரே வேலையா முடிஞ்சிருக்கும்மா."

"தெரியுது மேஸ்திரி. சும்மா சும்மா சொல்லாதீங்க."

அன்று சாயங்காலமே அவரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் வெல்டிங்கை அறுத்து, ஓட்டை போட்டு, எதிரெதிராகச் சாய்கிற இரண்டு தட்டுகளை, ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டும்படி போல்ட் வைத்துச் செய்து கொடுத்தார். பீவியின் இலையை வைத்துச் சுழற்றிப் பார்த்தோம். வெடிக்கவில்லை. பாய் நாலைந்து சுருட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ரெஸ்ட் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. விஜயலட்சுமி இப்போதும் தினம் வருகிறாள். சன்னலோரத்தில் இயந்திரம் இருக்கிறது, அதன் முன்னால் அவள் இருக்கிறாள்.

ஆனால் தட்டை மாற்ற ஸ்பேனர் பிடிக்க வேண்டும். அதற்கு அவள் விரல் ஒத்துவராது. அதை மட்டும் செல்லதுரையிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. மத்தியானம் இடது பாதி தீர்ந்ததும் துணி எடுத்துக் கைப்பிடியைத் துடைப்பாள். பீவியிடம் உதவி என்று கேட்டுப் பழகாதவள். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, "பீவி" என்பாள்.

பீவி உடனே எழமாட்டாள். கையில் இருக்கும் சுருட்டை ஒட்டி, ஓரத்தை நறுக்கி வைத்துவிட்டுத்தான் வருவாள்.

"தினம் இதே ரோதனை. எந்தப் பக்கம்டி திருப்பணும்?"

"நேத்து திருப்பின பக்கம்."

"நேத்து நீ கத்தின கத்துல மறந்துபோச்சு."

"சீக்கிரம் திருப்பு. இலை காயுது."