ஒன்றரை நாள் பளபளத்த கேற்

போன வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில், இரும்புக் கேற் முன்னால் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். முழுப் பொய் இல்லை... பாதிப் பொய். பாதிதானே என்று விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு என் மனைவி வழி சொல்வது இப்படி: "துருப்பிடிச்ச கேற் ஒண்டு வரும், அதுதான்." பல வருடங்களாக, வருகிற சனிக்கிழமை தேய்த்துவிடுகிறேன் என்று சொல்லி வருகிறேன். சாண்ட் பேப்பர்கூட வாங்கி வைத்தேன். கூரை இறவாணத்தில் செருகியபடியே அது உக்கிப்போனது.

அப்போதுதான் சுமதியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வவுனியா நெளுக்குளத்துப் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். வெல்டிங் படித்தவர். கட்டாரில் வேலை செய்யும் தம்பியும் அவருமாகச் சேர்ந்து, லேசரால் துரு எடுக்கிற மெஷின் ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். லேசரா? எனக்குத் தெரிந்த லேசர் கண் ஆஸ்பத்திரியில் இருப்பதுதான்.

எங்கள் மரண உதவிச் சங்கத்திடம் இருநூறு இரும்புக் கதிரைகள் இருக்கின்றன. செத்த வீட்டுக்கும் அவைதான், கலியாண வீட்டுக்கும் அவைதான். வெள்ளை வேட்டியோடு இருந்து எழும்பினால் பின்பக்கம் துருக்கோடு நிச்சயம். அவற்றைச் சுமதியிடம் கொடுக்கலாமா என்று சங்கச் செயலாளர் மாஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கண்ணால் காணாத எதையும் நம்ப மாட்டார்.

"முதல்ல உம்மடை கேற்றைச் செய்யட்டும். வெள்ளிக்கிழமை வந்து பாக்கிறன். திறமா இருந்தா இருநூறு கதிரையும் அந்தப் பிள்ளைக்குத்தான்" என்றார்.

சுமதிக்குக் கிடைக்கவிருந்த முதல் பெரிய வேலை அது. அது என் கேற்றை நம்பி... அதாவது, என்னை நம்பி நின்றது!

செவ்வாய்க்கிழமை காலை சின்ன லொறியில் வந்து இறங்கினார். சூட்கேசைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து தடித்த வயர், வயரின் நுனியில் தலைமயிர் காயவைக்கும் மெஷின் மாதிரி ஒரு பிடி. இவ்வளவுதானா? நானும் ஆயத்தமாகத்தான் நின்றேன் — திருவிழாக் கடையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியோடு.

"அண்ணை, அது வெயிலுக்குப் போடுறது. இந்த வெளிச்சம் பட்டா கண் போயிடும். பாக்கிறதெண்டா இதைப் போடுங்கோ" என்று பச்சைக் கண்ணாடி ஒன்றைத் தந்தார். "அக்காவை உள்ளுக்கை நிக்கச் சொல்லுங்கோ. றோட்டாலை ஆக்கள் வந்தா சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்."

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? பொரிகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அவர் கை போன இடமெல்லாம் துரு காணாமல் போனது. தேய்க்கவில்லை, சுரண்டவில்லை. மத்தியானத்துக்குள் என் கேற் வெள்ளியாகிவிட்டது. நான் பதினைந்து தடவை திறந்து மூடினேன்.

சுமதி லொறியிலிருந்து பெயின்ற் ரின் ஒன்றை எடுத்தார். "இனி அடிப்பூச்சு, பிறைமர் அடிப்பம் அண்ணை."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, பிள்ளை. துரு எடுக்கிறது கழிக்கிற வேலை, அதை இண்டைக்குச் செய்யலாம். பெயின்ற் அடிக்கிறது தொடங்கிற வேலை. அதை நாளைக்குச் செய்வம்."

இப்படி ஒரு சாத்திரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கியது. உண்மை என்னவென்றால், அந்தப் பளபளப்பை முன்வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து பார்க்கும்வரை மூட எனக்கு மனம் வரவில்லை.

"அண்ணை, துரு எடுத்த இரும்பு வெறும் மேலோடை நிக்கிற மாதிரி. பனி பட்டாலே காணும், திரும்பத் துருப் பிடிச்சிடும். நாளைக்கு எனக்கு முல்லைத்தீவிலை வேலை. வர ஏலாது."

"நான் அடிக்கிறன். எனக்குத் தெரியாதே?"

ரின்னைத் தந்துவிட்டுப் போனார். போகும்போதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், என்னை இல்லை, கேற்றை.

புதன்கிழமை நான் என்ன செய்தேன்? கேற்றைப் படமெடுத்து, கனடாவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். "புதுக் கேற்றோ?" என்று கேட்டான். "ஓம்" என்று பதில் போட்டேன். பின்னேரம் பிறைமர் அடிக்கலாம் என்று இருந்தேன். பின்னேரம் மழை வந்தது. வியாழன் முழுக்க மழை. வெள்ளி காலையில் எழும்பிப் பார்த்தால், கேற் முழுக்கச் செம்மஞ்சள்!

ஒன்பது மணிக்கு மாஸ்டர் சைக்கிளில் வந்தார். விரலால் தடவினார். விரலைப் பார்த்தார்.

"லேசர் லேசர் எண்டு பெரிய கதை கதைச்சாங்கள். மூண்டு நாள்கூடத் தாங்கேல்லையே?"

நான் சொன்னேன்: "ஓம் மாஸ்டர்... புது மெஷின்தானே..."

அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். பத்திரிகையில் எழுதி நியாயம் கேட்பதென்றால் எனக்கு அமைச்சர் என்றும் பயமில்லை, அதிகாரி என்றும் பயமில்லை. ஒரு கணக்கு வாத்தியார் முன்னால் "பிழை என்னுடையது" என்று சொல்ல மட்டும் நாக்கு எழும்பவில்லை.

வாசலில் மனைவி நின்றார். "ரின் இன்னும் மூடி திறக்காமல் குசினிக்குப் பின்னாலை கிடக்குது எண்டு சொல்ல வாய் வரேல்லையோ?"

கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது. சுமதி.

"மாஸ்டர் சொன்னவர் அண்ணை. எந்த இடத்திலை பிழை விட்டனோ தெரியேல்லை... நாளைக்கே வாறன். சும்மா திருப்பிச் செய்து தாறன். குறை நினைக்காதேங்கோ."

வெட்கமாக இருந்தது. உண்மையாகவே, உடம்பு கூசுகிற வெட்கம்.

"நீ ஒரு பிழையும் விடேல்லை, பிள்ளை. நான்தான் பிறைமர் அடிக்கேல்லை."

அவர் மெதுவாகக் கேட்டார்: "அதை மாஸ்டரிட்டைச் சொல்லுவீங்களோ அண்ணை?"

மாஸ்டர் வீட்டில் இல்லை. அன்று ஊரில் ஒரு செத்த வீடு; சங்கச் செயலாளர் வேறு எங்கே இருப்பார்? பந்தலுக்குள் போய்ப் பக்கத்தில் இருந்து, காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நான் அந்தப் பிள்ளையின்ரை வேலை சரியில்லை எண்டு இவ்வளவு பேருக்கும் சத்தமாச் சொல்லிப்போட்டன். நீர் மட்டும் ஏன் மெதுவாச் சொல்லுறீர்? எழும்பிச் சொல்லும்."

எழும்பினேன். நாற்பது பேர் வெற்றிலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செத்த வீட்டில், செத்தவரைப் பற்றி இல்லாமல், பெயின்ற் ரின் ஒன்றைப் பற்றிப் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். செவ்வாய்க்கிழமைச் சாத்திரம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கிரியை செய்ய வந்த ஐயர்தான் முதலில் சிரித்தார்.

திங்கட்கிழமையிலிருந்து இருநூறு கதிரைகளும் சுமதி கையில். மாஸ்டர் சங்கத்தைக் கூட்டித் தீர்மானமே எழுதிவிட்டார். அதில் ஒரேயொரு நிபந்தனை: பிறைமர் காயும்வரை நான் கதிரைகள் இருக்கும் சங்க வளவுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது.