கழற்றி வைத்த சிவப்பு பல்ப்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில் கணேசமூர்த்தியின் கடை இருக்கிறது. வாகனங்களுக்கு ஒயரிங் வேலை. ஹோர்ன் ஊதாத லொறி, ஸ்டார்ட் ஆகாத ஆட்டோ, ஒரு கண் மட்டும் எரியும் வேன் எல்லாம் அவரிடம்தான் வரும். வயது ஐம்பத்திரண்டு. நல்ல வேலைக்காரர், ஆனால் சிரித்துப் பேசமாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் எந்த வாகனத்திலும் முன் சீட்டில் உட்காராததையும் சிலர் கவனித்திருந்தார்கள். எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் பின்னால்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் டிரைவருக்கு எதிரே இருக்கும் மீட்டர் கண்ணில் படும். மீட்டரைப் பார்த்தால் சிவசாமி ஞாபகம் வரும்.

சிவசாமி ஹயர் கார் ஓட்டியவர். வெள்ளைக் கார், பழசு. தேயிலைத் தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பதினோரு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"மூர்த்தி, இந்தச் செவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது. ஏறுறவங்க எல்லாம் என்னா ஏதுன்னு கேக்குறாங்க."

மீட்டரில் எரிந்தது பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு. ஹேண்ட் பிரேக் இறங்கித்தான் இருந்தது. மூர்த்தி பொனட்டைத் திறந்து பார்த்தார். "பிரேக் ஒயில் கொறஞ்சிருக்குண்ணே. எங்கயோ கசியுது. மொதல்ல அதப் பாருங்க."

"பாக்குறேன், பாக்குறேன். தீவாளி ஓட்டம் முடியட்டும். இப்ப அந்த பல்ப்ப மட்டும் கழட்டி விடு."

அவர் கழற்றிவிட்டார். கால் மணி நேர வேலை. மீட்டருக்குப் பின்னால் காலியான ஓட்டைக்குள் தூசி போகாமல் இருக்க, காயத்துக்குப் போடும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம், மூடுபனியில், சிவசாமி குடியிருந்த தோட்டத்துக்குக் கீழே உள்ள வளைவில் அந்தக் கார் திரும்பாமல் நேராகத் தேயிலைக்குள் இறங்கி உருண்டது. உள்ளே சிவசாமி மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது.

பாறையில் அடிபட்டதில் பிரேக் குழாய் கிழிந்துகிடந்தது. அதனால் பிரேக் போய்த்தான் கார் உருண்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்கு மறுநாள் ஆனதால் ஊர் தானாகவே ஒரு காரணம் சொன்னது: குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான். மூர்த்தி செத்த வீட்டுக்குப் போய் நின்றார். அங்கேயும் அந்தப் பேச்சைக் கேட்டார். வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். இடையில் கிடைத்த அந்த மூன்று நாளில் சிவசாமி எங்காவது பிரேக்கைச் சரிபண்ணி, பல்ப்பையும் திரும்பப் போட்டிருக்கலாம் இல்லையா? அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு வருடம் தூங்கினார். அப்படியும் மூடுபனி இறங்கும் நாட்களில், சந்தில் ஒரு கார் மெதுவாக வந்தால் "மூர்த்தி" என்று கூப்பிடும் குரல் கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் வேறு யாராவது நிற்பார்கள்.

போன மாசி மாதம் ராகலையிலிருந்து செல்லசாமி என்பவர் ஒரு நீலக் காரோடு வந்தார். மரக்கறித் தோட்டக்காரர். கல்யாணத்துக்கு வந்தவர்.

"இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேர முடியாதுங்க. மீட்டர்ல ஒரு வெளிச்சமும் இல்ல. எவ்வளவு வேகத்துல போறேன்னே தெரியல."

மூர்த்தி பற்றரியின் ஒரு முனையைக் கழற்றினார். ஸ்டியரிங்கைக் கீழே சாய்த்து, மீட்டரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் திருகாணிகளை எடுத்தார். பிறகு மீட்டரைப் பிடித்திருந்த நாலு ஆணிகள். இரண்டு கையாலும் மெதுவாக முன்னால் இழுத்து, பின்பக்கம் விரலை விட்டு ஸ்பீட் கேபிளை விடுவித்தார். ஒயர் பிளக்குகளையும் பிடுங்கியதும் மீட்டர் மொத்தமாகக் கைக்கு வந்தது. அதை மடியில் கவிழ்த்துப் போட்டார்.

பின்பக்கம் வரிசையாக பல்ப் ஹோல்டர்கள். ஒரு ஓட்டையில் மட்டும் ஹோல்டர் இல்லை. அந்த இடத்தில் பழுப்பேறிய பிளாஸ்டர் துண்டு ஒன்று ஓரம் சுருண்டு ஒட்டியிருந்தது.

அவர் அதைத் தொடவில்லை.

"இது முந்தி என்ன கலர்ல இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வெள்ளையாம். எனக்கு முன்ன மூணு பேரு கைமாறியிருக்கு. ஏங்க?"

அப்படியென்றால் அந்தப் பல்ப்பைச் சிவசாமி திரும்பப் போடவே இல்லை. மூர்த்தி கருகிய பல்ப்புகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்துப் புதியவற்றைப் போட்டார். கடைசியில் நகத்தால் பிளாஸ்டரைச் சுரண்டினார். பெட்டியில் தேடி ஒரு ஹோல்டரை எடுத்து, அந்த ஓட்டையிலும் ஒரு பல்ப்பைப் பொருத்தினார். பல்ப் இரண்டு தரம் கீழே விழுந்தது. மீட்டரை இடத்தில் வைத்துப் பற்றரியைக் கொடுத்துச் சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். அப்போதும் எரிந்தது.

"இப்பிடி ஒரு லைட்டு இதுல இருந்ததே எனக்குத் தெரியாதே!" என்றார் செல்லசாமி.

"இந்தக் கார எடுத்துக்கிட்டு நீங்க ராகலைக்குப் போகக் கூடாதுங்க," என்றார் மூர்த்தி. அவர் சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு மூர்த்தியே பிரேக் கராஜிலிருந்து ஆளைக் கூட்டிவந்தார். பிரேக் ஒயில் குறைந்திருந்தது; பின் சக்கரங்களில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. வேலை முடிந்து மறுநாள்தான் செல்லசாமி ஊர் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி பஸ் ஏறி அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். சிவசாமியின் மனைவி இந்திராதேவி லயத்து வரிசையில் தன் வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் பிரேமினி தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். இரண்டு பேரும் இருக்கும்போதே, நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னார். பல்ப், பிளாஸ்டர், அன்றைக்குக் குடித்த டீ, ஒன்றையும் விடவில்லை.

பிரேமினிதான் முதலில் பேசினாள். "அப்ப எங்கப்பா குடிச்சிருக்கலையா?"

"அன்னிக்கு அவர நான் பாக்கலம்மா. ஆனா காருக்குள்ள உக்காந்தா அவரு குடிக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியும். பிரேக் போகப்போகுதுன்னும் எனக்குத் தெரியும்."

இந்திராதேவி கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். "பதினோரு வருசமா நான் அந்த மனுசனத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன். படத்துக்கு ஒரு பூ வச்சதில்ல. குடிகாரன் மகளுன்னு இவளுக்கு ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு. ஊரே பேசுச்சு. நீங்க நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமாங்க அண்ணி."

"எங்கிட்ட சொன்னா பத்துமா? இன்னிக்குக் கோயில்ல திருவிழாவப் பத்திப் பேசக் கூட்டம் இருக்கு. அங்க வந்து சொல்லுங்க."

போனார். மாரியம்மன் கோயில் வாசலில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். தோட்டத் தலைவர் பேசி முடித்ததும் மூர்த்தி எழுந்து, வீட்டில் சொன்னதையே திரும்பச் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. அடிக்கவும் வரவில்லை. முன்னால் இருந்த ஒரு வயதானவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செத்த வீட்டில் குடிப் பேச்சை முதலில் எடுத்தவர் அவர்தான்.

பஸ் வரும் இடம்வரை இந்திராதேவி அவரோடு நடந்து வந்தாள். மூடுபனி தேயிலைக்கு மேல் இறங்கியிருந்தது. அந்த வளைவு அங்கிருந்து நூறு அடி தூரம்தான். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இனிமே எனக்கு அவரு மேல கோவம் இல்ல," என்றாள் அவள். "உங்க மேலதான்."

"சரிங்க அண்ணி."

பஸ் வந்தது. ஒரே ஒரு சீட்தான் காலியாக இருந்தது. முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். மூர்த்தி ஹட்டன்வரை நின்றுகொண்டே போனார்.