படகு பிரிட்ஜில் வைத்த விபூதி

என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் இரண்டு நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பவர். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். மருந்து கெடாமல் இருக்க, பேட்டரியில் ஓடும் சின்ன பிரிட்ஜ் ஒன்றைக் கடலூரில் தேடி வாங்கினேன்.

கடைக்காரர் பெரியதைக் காட்டினார். அது பேட்டரியைக் குடித்துவிட்டால் நடுக்கடலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்று மறுத்துவிட்டேன்.

முதல் தடவையே, அவர்கூடக் கடலுக்குப் போகும் என் கொழுந்தன் அதில் இறாலைத் திணித்து, ஃப்ரீசராக மாற்றிவிட்டார். மருந்து உறைந்து வீணானது.

இந்தத் தடவை மூடியில் குங்குமம் வைத்து, உள்ளே சிதம்பரம் கோயில் விபூதிப் பொட்டலத்தையும் வைத்து அனுப்பினேன்.

இன்று காலை கரைக்கு வந்தார்கள். திறந்து பார்த்தேன். சரியாக நாலு டிகிரி. ஓர் இறால்கூட இல்லை. மருந்தும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

"ஏங்க, ஊசியே போடலையா?"

"கையெல்லாம் கவுச்சி. சாமி பொட்டிய எப்படித் தொடறது?"

"நான்தான் தொடாதன்னு சொன்னேன் அண்ணி," என்றார் கொழுந்தன் பெருமையாக.

டாக்டரிடம் கேட்டு ஊசி போட்டாயிற்று. விபூதி பூஜை அறைக்குத் திரும்பிவிட்டது.

கொழுந்தன் பயப்பட வேண்டும், வீட்டுக்காரர் பயப்படக் கூடாது. அப்படி ஒரு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.