அண்ணன் கூரையறுத்த கார்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் களத்தில் அண்ணன் ஆக்ஸா பிளேடால் ஒரு காரின் கூரையை அறுத்துக்கொண்டிருந்தார். கூரை சரியாமல் நான் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். உத்திரமேரூர்ப் பக்கம் அந்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் திறந்த காரில்தான். காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக்கு வரும். "நம்ம வூட்லயே காரு கீது, வாடக வண்டி இன்னாத்துக்கு?" என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் அண்ணன்.

அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கார் அவருக்குப் பிழைப்பல்ல, பித்து. வாலாஜாபாத் ரைஸ்மில் ஒன்றின் பின்புறம், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய மோரிஸ் மைனர் அது. "எடுத்துக்கினு போ சார், எடமாவது காலியாவட்டும்" என்று முதலாளி சொன்னதும் மாடு பூட்டி இழுத்துவந்துவிட்டார். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. பிரேக், கிளட்ச் எல்லாம் அவர். கார்புரேட்டர், ஒயரிங் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்காகவே சொல்கிறேன், அந்த எஞ்சின் முதன்முதலில் உயிர் பெற்றது என் கையால்தான். ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் அண்ணன் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. "கிரீஸ் கையின்னு தெரிஞ்சா பேஜாராப் பூடும், நீ வாயத் தெறக்காத" என்று என்னையும் அடக்கிவைத்தார். என் உழைப்பை சிலேட்டுக் கணக்குப்போல எச்சில் தொட்டு அழித்துவிட்டாரே என்று எனக்கு அது ஆறவேயில்லை.

கூரை போனதும் நான் பயந்தபடியே ஆயிற்று. லாரிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் உண்டு. இந்தக் காருக்கு உடம்பேதான் சட்டம். கூரையை எடுத்தால் நடுப்பகுதி தொய்யும். நான் ஒருத்தி ஏறினாலே கதவு உரசியது. "அண்ணே, அடியில இரும்பு ஆங்கிள் வெச்சு வெல்டிங் பண்ணிடலாம்" என்றேன். "மாப்ள ஒருத்தர், தோழன் ஒருத்தர், ஓட்டறது நானு. கணக்குப் போட்டுட்டம்மா" என்றார். கணக்கு வாத்தியாரின் கணக்கில் குழந்தைகள் விட்டுப்போயின. மாப்பிள்ளைக் காரைக் கண்டால் எந்த ஊர்க் குழந்தை நடந்து வரும்?

பிள்ளையார் கோயிலில் கிளம்பிய ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்தபோது, காருக்குள் குழந்தைகளுக்கு நடுவே மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. மேளம் நின்றது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னே வந்தார்கள். கதவு திறக்கவில்லை. அண்ணன் ஏறிக் குதித்து வெளியே வந்து இழுத்தார், உதைத்தார். குழந்தைகள் ஏறிக் குதித்து இறங்கிய பிறகும் காரின் வளைந்த உடம்பு நிமிரவில்லை. நாலு கதவும் இறுகிக் கிடந்தன. "இன்னா சார் இது, எங்க புள்ள சொவரேறிக் குதிக்கணுமா? நல்ல காரியத்துல இன்னா சகுனம் இது?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் குரலை உயர்த்தினார். திரும்பிப் போய்விடலாம் என்று யாரோ சொன்னது, ஜன்னலருகே நின்ற எனக்கும் கேட்டது. அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பெண் அந்த நேரத்தில் வாசலுக்கு வரக்கூடாது என்பதும் தெரியும்.

வந்தேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து, காரின் நடுவயிற்றுக்கு அடியில் வைத்துச் சுற்றினேன். உடம்பு மெல்ல எழும்ப, கதவு விட்டுக்கொடுத்தது. மாப்பிள்ளை மரியாதையாகக் கால் ஊன்றி இறங்கினார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

தாய்மாமன் சிரிக்கவில்லை. மருதாணிக்கு மேல் கிரீஸ் அப்பியிருந்த என் கையைப் பார்த்து, "பொண்ணுக்கு எப்டி இதெல்லாம் தெரியும்?" என்றார். அண்ணன் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தோள்துண்டை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டார். பிறகு தெருவே கேட்கும்படி, "இந்தக் காரு ஓடறதே எந்தங்கச்சியாலதான். கூரைய அறுத்த பைத்தியக்காரத்தனம் மட்டும் என்னுது. ஒங்ககிட்ட மறைச்சது என் தப்பு. இஷ்டமின்னா உள்ள வாங்க" என்றார்.

மாப்பிள்ளைதான் முதலில் உள்ளே வந்தார்.

அண்ணன் போய்ப் பல வருஷமாயிற்று. அதற்குப் பிறகு என்னை எத்தனையோ பேர் மெச்சியிருக்கிறார்கள். கல்யாணமே நின்றாலும் நிற்கட்டும் என்று மெச்சியவர் அவர் ஒருவர்தான்.