வயரைப் பிடுங்கிய மத்தியானம்

எனக்கு எழுத்து நேராக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் மகனுடைய ஆபீஸ். அடுத்த சீசன் பனியன் டிசைன்கள் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் இருந்தன. அவை வெளியாள் கைக்குப் போனால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். வயரில்லாமல் நெட் கொடுக்கும் பெட்டிக்கு பாஸ்வேர்டு போடச் சொன்னாள் மருமகள்.

"ஆர்டர் குடுக்கறவங்க ஊட்டுக்கு வந்து உக்காந்தா, நெட்டைப் பூட்டி வெச்சுக் காட்டறதா? மருவாதியா இருக்காது" என்று மகன் போடவில்லை.

சில நாளாக மத்தியானத்தில் எதிரே ஒரு கார் நின்றது. உள்ளே ஒருவன் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பான். போய்க் கேட்க எனக்குக் கூச்சம். ஒருநாள் தனியாக இருந்தபோது பயம் தாங்காமல், கம்பெனிக்குப் போயிருந்த மருமகளுக்குப் போன் செய்தேன்.

"அத்தே, அவன் நம்ம நெட்டுல பூந்து கம்ப்யூட்டரையே பாக்கலாமுங்க. பச்சை லைட்டு எரியற பெட்டி வயரைப் பிடுங்கி உடுங்க."

"ஷாக் அடிக்குமா அம்மிணி?"

"அவனுக்குத்தான் அடிக்கோணும், பிடுங்குங்க!"

வயரைப் பிடுங்கினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவன் தலை நிமிர்ந்து நேரே எங்கள் வீட்டைப் பார்த்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கார் மெதுவாகப் போய்விட்டது.

அன்றே மகன் பாஸ்வேர்டு போட்டான். அதற்குள் கார்க்காரன் எதையாவது எடுத்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த சீசன் முழுக்க, கடைகளில் தொங்கிய ஒவ்வொரு பனியனையும் பயந்து பயந்தே பார்த்தேன்.

பெட்டியைப் பற்றி எழுதியதில் பிழை இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள்.