விலக்கு கேட்பதா, வேண்டாமா

“தமிழ்ப் பாடம் இல்லன்னா உங்க வீட்டுல என்ன மாறும்?”

என் மகளின் பள்ளிக்கு வரும் உளவியலாளர் என்னிடம் இதைக் கேட்டுச் சில வாரங்கள் ஆகின்றன. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ஏதோ சொல்லி வைத்தேன். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம் என்றோ என்னவோ. கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் யார் ஏறினாலும் ஒரு கதை சொல்லித்தான் இறக்கிவிடுவாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிக்கொள்ளும். ஆங்கிலம் வாசிக்கவும் தடுமாற்றம்தான். தமிழில் அதைவிட மோசம், கொம்பு அவளை அழவைக்கிறது. ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் பின்னால் வருகிறது. “ஏம்மா அது மட்டும் க்யூவுல முந்திக்குது?” என்று ஒருநாள் கேட்டாள். முதலில் சிரித்தேன். பிறகு விளக்கத் தெரியாமல், “அது அப்படித்தான், எழுது” என்று அதட்டினேன்.

சோம்பல் என்று நினைத்தேன். அப்புறம் நான் வேலைக்குப் போவதுதான் காரணம் என்று நினைத்தேன். அப்புறம் கைப்பேசி. ஒரு டியூஷன் வைத்தேன், நிறுத்தினேன், வேறொன்று வைத்தேன். வகுப்பாசிரியர் கூப்பிட்டு, உளவியலாளர் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டபோது உடனே சம்மதித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

வந்தவர் ஏறக்குறைய என் வயதுதான். தமிழ்ப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் பல என்பதால் சோதனைப் பொருள்களை ஒரு சக்கரப் பெட்டியில் இழுத்துக்கொண்டு அலைகிறார். கட்டைகளை அடுக்கச் சொன்னதால் என் மகள் அவருக்குக் ‘கேம் ஆன்ட்டி’ என்று பெயர் வைத்துவிட்டாள். எண்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார், அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்க வைத்தார், வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளைக் கவனித்தார், ஆசிரியர்களிடம் பேசினார். என்னிடம் பிரசவத்திலிருந்து ஆரம்பித்துக் கேட்டார். எப்போது பேசினாள், எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்கச் சிரமம் உண்டா, எப்படித் தூங்குகிறாள். எதைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று தெரியாத மாணவி மாதிரி யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன்.

கடைசியில் டிஸ்லெக்சியா என்றார்.

“புத்தி நல்லாவே இருக்கு. எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்குற இடத்துலதான் அவளுக்குக் கஷ்டம். இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல.”

கடைசி வாக்கியத்தை நான் அடிக்கடி எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் வாயில் இருந்த உறுதி என் வாயில் வருவதில்லை.

அதன் பிறகுதான் விலக்குப் பேச்சு வந்தது. அவருடைய அறிக்கையை வைத்துப் பள்ளி மூலமாக, இங்கே கட்டாயமான தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். கிடைத்தால் அந்த நேரத்தில் ஆங்கில வாசிப்புக்கு உதவி கொடுக்கலாம், சுமை குறையும்.

“கேட்கணும்னு இல்ல, கேட்கலாம்,” என்றார்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“அத நான் சொல்ல முடியாது.”

“உங்க பொண்ணா இருந்தா?”

அவர் சிரித்தார். களைத்த சிரிப்பு. “எல்லா அம்மாவும் இதத்தான் கேக்குறாங்க. அவளுக்கு எது வருது, எது வரல, ஏன் வரலன்னு பாத்துச் சொல்றது என் வேலை. டீச்சர்ஸ் எப்படி மாத்திச் சொல்லிக் குடுக்கலாம்னு உக்காந்து பேசுறதும் என் வேலை. உங்க குடும்பத்துக்குப் பதிலா முடிவு எடுக்குறது என் வேலை இல்ல. இன்னொண்ணும் சொல்லிடுறேன். தமிழ்ல பாக்குறதுக்குச் சரியான டெஸ்ட் என்கிட்ட இல்ல. இங்கிலீஷ்லதான் பாத்தேன். மத்தது தமிழ் டீச்சர் சொன்னது, இந்த நோட்டு, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு மகளின் தமிழ் நோட்டைத் திறந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். அவருக்கும் தமிழ் வேகமாக வாசிக்க வராது என்று அப்போது தெரிந்தது. அதைப் பார்த்துத் தைரியம் கொள்வதா கவலைப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

கணவர் பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். “நீ படிச்சவ. நீ சொன்னா சரியா இருக்கும்,” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு இது என் ஒருத்தியின் கவலையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்லண்ட்ஸிலிருந்து நாத்தனார் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வருவார். நாங்களும் போவோம். அன்று முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். தமிழாசிரியர் அனுப்பிய குறுஞ்செய்தியில் இருந்த சொல்லையே நானும் பயன்படுத்திவிட்டேன்.

“அக்கா, பிள்ளைக்கு விலக்குன்னு ஸ்கூல்ல சொல்றாங்க.”

முருங்கைக்காய் தட்டில் விழுந்தது. “என்னடி சொல்ற? ஒம்பது வயசுலயா?”

“ஆமாக்கா, இப்பவே பண்ணுனா நல்லதாம்…”

“வர்ற வயசாடி இது! நான் அப்பவே சொன்னேன், அந்த ஃபிரைட் சிக்கன வாங்கிக் குடுக்காதலான்னு. கேட்டியா? ஒரு போன் பண்ண மாட்டியா? தாய்மாமனுக்குச் சொல்லியாச்சா?”

அவர் வீட்டு விலக்கை நினைத்துக்கொண்டார் என்பது தாய்மாமன் பேச்சு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “ஐயோ அக்கா, அது இல்ல! தமிழ்ப் பாடத்துலேருந்து விலக்கு. எக்ஸெம்ப்ஷன்!”

எடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் தராசைப் பார்த்தபடியே சிரித்தார்.

“சீ! அத ஒழுங்கா இங்கிலீஷ்ல சொல்லித் தொலைக்குறதுதானே!” என்று என் தோளில் அடித்தார் நாத்தனார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. “அதுக்கு இது எவ்வளவோ மோசம்லா. நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வேணாமா? நீ யூனிவர்சிட்டில தமிழ எடுத்துப் படிச்சவதானே? நாளைக்கு நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவே?”

அவர் கெட்டவர் இல்லை. நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் வாய்விட்டுக் கேட்டார். பக்கத்தில் மகள் வடை தின்றுகொண்டிருந்தாள் என்பதை இருவருமே மறந்துவிட்டோம்.

ரயிலில் வரும்போது அவள் கேட்டாள்: “விலக்குன்னா என்னைய வெளிய போகச் சொல்றதாம்மா?”

“இல்லடா” என்று சொல்லிவிட்டேன். ஆனால் நடக்கப்போவது அதுதானே. தமிழ் வகுப்பு நேரத்தில் அவள் வேறு அறையில் உட்காரவேண்டும்.

மறுநாள் உளவியலாளருக்கு எழுதினேன். அவர் அடுத்த முறை பள்ளிக்கு வந்தபோது மகளுடன் தனியாகப் பேசிவிட்டு என்னை அழைத்தார்.

“எத அம்மாகிட்ட சொல்லலாம்னு அவகிட்ட கேட்டுட்டேன். அத மட்டும் சொல்றேன். சொல்வதெழுதுதல் அன்னைக்குக் காலையில அவளுக்கு நிஜமாவே வயிறு வலிக்குது. நடிப்பு இல்ல.”

நான் அதை நடிப்பு என்று அவளிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“ஆனா தமிழ் வகுப்ப விட்டுப் போக மாட்டாளாம். அங்கதான் அவளக் கதை சொல்லச் சொல்வாங்களாம். அங்க மட்டும்தான் அவ கெட்டிக்காரின்னு சொன்னா.”

“அப்ப எழுத வேணாம், பேசுனா மட்டும் போதும்னு கேக்க முடியாதா?”

“அப்படி ஒரு விலக்கு இல்லம்மா. குறைச்சு எழுத வைக்கலாம், வாயால பதில் சொல்ல விடலாம். அத நான் டீச்சர்கிட்ட பேசுறேன், அது என் பொறுப்பு. ஆனா ஆறாம் வகுப்புப் பரீட்சையில எழுதித்தான் ஆகணும்.”

இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் நான் பதில் சொல்லவேண்டும். விலக்குக் கேட்டால் வயிற்றுவலி நிற்கலாம், அவளுக்குப் பெருமையான ஒரே வகுப்பும் போய்விடும். கேட்காவிட்டால் அந்த வகுப்பு இருக்கும், ஒவ்வொரு வாரமும் அந்தக் காலையும் இருக்கும். காலையில் ஒரு முடிவுக்கு வருகிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அதை மாற்றிவிடுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் பிள்ளைக்கு விலக்கு வாங்கியவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் பிள்ளை இப்போதும் உங்களிடம் தமிழில் பேசுகிறதா? ஏன் என்னை வெளியே அனுப்பினாய் என்று எப்போதாவது கேட்டதா? வாங்காமல் தாக்குப்பிடித்தவர்களும் இருப்பீர்கள். அந்தக் காலைகளை எப்படிக் கடந்தீர்கள், பிள்ளை கடந்ததா? உளவியலாளர் சொல்லக்கூடாததை நீங்கள் சொல்லலாம். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.