மகளிர் தினத்தன்று ஜீப்பில் ஏறினோம்

போன வருடம் மார்ச் மாதம், யட்டியாந்தோட்டைக்கு மேலே நான் கொழுந்தெடுக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மகளிர் தினத்துக்கு எங்களைப் பாராட்ட கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். கூடவே கெமராக்காரர்கள், உத்தியோகத்தர்கள் என்று ஒரே ஆம்பிளைக் கூட்டம். எங்கள் மலையில் கழிப்பறை கிடையாது. அவசரம் என்றால் செடி மறைவுதான். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம். அன்றைக்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் நின்றான்.

பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆறு மாதக் கர்ப்பிணி, நீர்க்கடுப்பு வேறு. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏலாதுக்கா" என்று அழுதாள். எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் சொன்னேன்.

"போட்டோ முடியட்டும், கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து மேடத்துக்கும் அவசரம் வந்தது. ஒரு வார்த்தைதான் சொன்னார், தோட்டத்து மனேஜர் பங்களாவுக்குக் கூட்டிப்போக ஜீப் வந்து நின்றுவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, மேடம் ஏறியதும் நானும் தங்கச்சியை இழுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டேன்.

"எறங்குங்க, இது கெஸ்டுக்கு வந்த வண்டி!" என்று கங்காணி சத்தம் போட்டார்.

"புள்ளத்தாச்சிய எறக்கணும்னா நீங்களே வந்து எறக்குங்க."

அவர் பின்வாங்கினார். மேடம் நகர்ந்து இடம் விட்டார்.

பங்களாவில் மூன்று பேரும் ஒரே கழிப்பறைக்குத்தான் போனோம். தங்கச்சி வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுததை மேடம் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

திரும்பி வந்து மைக்கைப் பிடித்தவர் எங்கள் கைகளைப் பற்றிப் பேசினார், சிரிப்பைப் பற்றிப் பேசினார், நாடே எங்களால்தான் நிற்கிறது என்றார். கழிப்பறை பற்றி மூச்சே விடவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து, அவருக்குப் புரியட்டும் என்று சிங்களத்திலேயே கேட்டேன்: நீங்களே பார்த்தீர்கள்தானே, எங்களுக்கும் மலையில் ஒன்று கட்டித்தரச் சொல்லக் கூடாதா? கெமராக்காரர் கெமராவை இறக்கினார். மேடம் சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் பரிசு கொடுக்கத் தொடங்கினார்.

ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். வெயிலில் வேலை செய்கிறீர்கள், நிறையக் குடியுங்கள் என்று புத்திமதி வேறு.

நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவர்களும் இன்னும் கட்டவில்லை. இப்போது யார் எங்களைப் பாராட்ட வந்தாலும், பாராட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாலு சுவரும் உள்ளே தாழ்ப்பாள் போட ஒரு கதவும் தாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.